மூலநீர்

தண்ணீர் பாட்டிலைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பது அவளுடைய பழக்கம். அப்படிச் செய்யக்கூடாது என்று ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. ஒட்டியவளும் அவள்தான். அன்று காலை ஏழு மணிக்கு, தொழிற்சாலைக்குள் வரும் குழாயில் பிடித்த பாட்டிலில் வாடையே இல்லை.

அது நகரத்துச் சாக்கடைத் தண்ணீர். நாலு கிலோமீட்டர் தள்ளி, தொழிற்சாலைக்கே சொந்தமான சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டி, குழாய் வழியாக அனுப்புவார்கள். எவ்வளவு வடிகட்டினாலும், நனைத்த துணியை இரண்டு நாள் பக்கெட்டிலேயே மறந்துவிட்ட மாதிரி ஒரு மெல்லிய வாடை மிஞ்சும். நாலு வருஷமாக அந்த வாடையில்தான் அவளுடைய வேலைநாள் தொடங்கியது.

தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்கத் திராவகத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஆறாவது மில்லியில் சிவப்பு மாறி நீலமாக வேண்டும். பத்து ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. பதினெட்டில்தான் நீலம் எட்டிப் பார்த்தது. திராவகம் கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கலக்கி மறுபடி பார்த்தாள். அதே பதினெட்டு, மூன்று மடங்கு கடினம். பாறைக்கு அடியிலிருந்து ஏறி வந்த தண்ணீர் இது, சாக்கடைத் தண்ணீர் இல்லை.

ஊர்க்காரர்கள் அந்தத் தொழிற்சாலையைக் காத்துக் கம்பெனி என்பார்கள். வாசல் பலகையில் 'பசுமை ஹைட்ரஜன்' என்று இருக்கும். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சூரியத் தகடுகள். அதில் வரும் மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தினால் தண்ணீர் இரண்டாகப் பிரியும். ஹைட்ரஜன் குழாய் வழியே பக்கத்து உரத் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே முன்பெல்லாம் எண்ணெயைக் காய்ச்சித்தான் ஹைட்ரஜன் எடுத்தார்கள். முப்பது வருஷம் அந்தப் புகைபோக்கி ஊருக்கு மேல் கரி கொட்டியது. காத்துக் கம்பெனி வந்த பிறகுதான் அந்தப் பழைய யூனிட்டை அணைத்தார்கள். அணைத்த அன்று அவள் வீட்டுக்குப் போய், மொட்டைமாடிக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் காயப் போட்டுவிட்டுச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளையாகவே இருந்தது.

காத்துக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் தண்ணியக்கா. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர் என்பது ஏட்டுக் கணக்கு. வடிகட்டலில் கழிவது, குளிர்விக்க ஆவியாவது எல்லாம் சேர்ந்தால் இருபதைத் தாண்டும். நாளொன்றுக்கு இரண்டு லட்சம் லிட்டர். அத்தனையும் உப்பு, சுண்ணாம்பு எதுவும் ஒட்டாமல் உள்ளே போகவேண்டும். அதைப் பார்ப்பதுதான் அவள் வேலை.

மேனேஜர் அறைக்குப் போனாள். அவளைவிடப் பத்து வயது சின்னவன். மூன்று நாளாக வீட்டுக்குப் போகாத முகம்.

"வாங்கக்கா, உக்காருங்க. டீ சொல்லவா?"

"வேண்டாம் சார். போர் ஓடுதா?"

அவன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான். "அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"தண்ணியே சொல்லுதே."

"சுத்திகரிப்பு நிலையத்துல வடிகட்டிச் சவ்வு எல்லாம் அடைச்சிக்கிச்சு. கால்வாசித் தண்ணிதான் தள்ளுது. புதுசு கப்பல்ல வருது. அதுவரைக்கும் நம்ம ஆறு போரையும் போட்டிருக்கேன். ரெண்டு வாரந்தான்."

"அந்தப் போர் அவசரத்துக்குத்தானே? ரெண்டு நாளைக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு அனுமதியிலயே இருக்கு."

"இதைவிட என்னக்கா அவசரம்? நாம காத்தை நிறுத்தினா உரக் கம்பெனிக்காரன் பழைய எண்ணெய் யூனிட்டைப் பத்த வெச்சிடுவான். அப்புறம் அதை அணைக்க வைக்கிறது லேசுப்பட்ட காரியமா? நாலு வருஷம் நாம பாடுபட்டதெல்லாம் அம்போ."

"தினசரி அறிக்கையில மூலநீர்னு ஒரு கட்டம் இருக்கே சார்."

"எப்பவும் போல 'சுத்திகரித்த கழிவுநீர்'னே எழுதிடுங்க." சொன்ன பிறகு அவளைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தான். "ரெண்டு வாரம் கண்ணை மூடிக்கோங்கக்கா."

அவள் எழுதினாள்.

வீட்டில் அவள் கணவர் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். டெய்லர் என்றால்தான் தெருவில் தெரியும். இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட்டதில் இருந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் மெஷின் முன்னால் உட்காருவார், பட்டன் காஜா மட்டும் கையால் போடுவார். மிதிக்கக் கால் ஒத்துழைக்காது. காத்துக் கம்பெனி இன்சூரன்ஸில்தான் சிகிச்சை ஓடியது.

அவள் காய்களைப் பொடியாக நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேறு தண்ணீரில் வேகவைத்தாள். காயின் உப்புச்சத்து இறங்கினால்தான் அவர் உடம்பு தாங்கும். ருசியெல்லாம் முதல் தண்ணீரோடு போய்விடும். சோறு, அந்தக் காய், முட்டையின் வெள்ளைக்கரு.

"இதைத் தின்னுட்டு உயிரோட இருக்கறவன் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டான்" என்றார்.

"பேசாம சாப்பிடுங்க."

"பேசிக்கிட்டே சாப்பிட்டாத்தான் இறங்குது. உங்க கம்பெனியும் நானும் ஒரே ஜாதி, தெரியுமா? ஊருத் தண்ணியெல்லாம் உள்ள விட்டுச் சுத்தம் பண்ணாத்தான் வண்டி ஓடும்."

எப்போதும் சொல்லும் ஜோக்தான். அன்று அவளால் சிரிக்க முடியவில்லை. அவர் கவனித்தார். கேட்கவில்லை. இப்போதெல்லாம் எதையும் கேட்பதற்கே அவருக்கு மூச்சு வேண்டியிருந்தது.

நாலாம் நாள் தெருக்கோடி வீட்டு மோட்டார் காற்றை இழுத்தது. ஆறாம் நாள் எதிர்வீடு. எட்டாம் நாள் டெய்லரின் அக்கா வந்து வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மூன்று வீடு தள்ளி அவள் லாண்டரி வைத்திருந்தாள். ஹோட்டல் படுக்கை விரிப்புகள்தான் பெரும்பாலும். கணவர் போன பிறகு இருபது வருஷமாக ஒற்றை ஆளாக நடத்துகிறாள். கைவிரல் நுனிகள் சோப்பில் ஊறி எப்போதும் வெளுத்திருக்கும்.

"உன் கம்பெனிக்காரனுங்களுக்குக் கொஞ்சமாச்சும் மனசாட்சி இருக்கா?" என்றாள், வந்ததும் வராததுமாக.

"ஏன் அண்ணி?"

"என் போர் செத்துப் போச்சு. அம்பது விரிப்பு சோப்போட கிடக்கு, அலச ஒரு சொட்டு இல்ல. தெருவே சொல்லுது, காத்துக் கம்பெனிதான் உறிஞ்சுதுன்னு. நான்தான் வாய் கிழியச் சண்டை போட்டேன். இல்லடி, அவன் சாக்கடைத் தண்ணியத்தான் எடுக்கிறான், என் தம்பி பெண்டாட்டி அங்கதான் இருக்கா, அவளுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்னு. சரிதானே நான் சொன்னது?"

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "தண்ணி வேணும்னா எங்க தொட்டியிலேருந்து எடுத்துக்கோங்க அண்ணி."

"கேட்டதுக்குப் பதிலக் காணோமே?"

"அது கொதிக்குது, இறக்கிட்டு வர்றேன்."

அண்ணி இரண்டு குடம் எடுத்துக்கொண்டு போனாள். அம்பது விரிப்புக்கு இரண்டு குடம் எந்த மூலைக்கு?

பதினோராம் நாள் டயாலிசிஸ் சென்டரில் இருந்து டெய்லர் பதினொரு மணிக்கே திரும்பி வந்துவிட்டார். வழக்கமாக ஒரு மணி ஆகும். அவள் அன்று விடுப்பில் இருந்தாள்.

"என்ன, அதுக்குள்ள?"

"ரெண்டு மணி நேரந்தான் ஓட்டினாங்க. அங்கயும் போர்ல தண்ணி இல்லையாம். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு நூத்தம்பது லிட்டர் வேணுமாமே? லாரித் தண்ணி வாங்கி இருக்கிறதைப் பங்கு போடுறாங்க. அந்த நர்ஸ் பொண்ணு அழுவுது, பாவம். அடுத்த வாரத்துல இருந்து வாரத்துக்கு ரெண்டு நாளைக்கு வந்தாப் போதும்னு சொல்லிட்டாங்க. போதும்னு அவங்க சொன்னாப் போதுமா?"

பாதத்தை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி எழும்பவே இல்லை. படுத்தால் மூச்சு முட்டியது. அடுத்த மூன்று நாளும் சுவரில் தலையணையை நிறுத்தி, சாய்ந்து உட்கார்ந்தே கண்ணை மூடினார். மூடியதும் திடுக்கிட்டு விழிப்பார். அவளும் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சென்டர் இருந்தது கம்பெனிக்குக் கீழே, சரிவில். ஆறு போரும் மேட்டில். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி காலிக் குடத்தோடு வந்தபோது அவள் இருவரையும் உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னாள். பதினெட்டு மில்லியிலிருந்து நேற்று எழுதிய அறிக்கை வரைக்கும். மெஷின் மேல் கிடந்த நூல்கண்டைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் சொன்னாள்.

"பதினாலு நாளா?" என்றாள் அண்ணி. "ஒரு வாரமா நீ எனக்குக் குடத்துல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தியே, அதுதானா இது? நான் ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டேனேடி உனக்காக!"

"ஆமா அண்ணி."

"ஆமாவாம், ஆமா!"

"நாளைக்கு உள்ளதை உள்ளபடி எழுதிடப் போறேன். பதினாலு நாளுக்கும் திருத்தம் போட்டுக் கையெழுத்து வெச்சு. மாச அறிக்கை நாளைக்குத் தண்ணீர் வாரியத்துக்குப் போகுது. அவங்க வந்து போருக்குச் சீல் வெச்சிடுவாங்க."

"எழுதாதே" என்றார் டெய்லர்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. இன்சூரன்ஸ் போயிடும். அப்புறம் நான் எங்க போவேன்?"

"போர் ஓடினாலும் உங்களுக்குத்தாங்க தண்ணி இல்ல."

"இப்ப ரெண்டு நாளாவது ஓடுது. ரெண்டு, சைபரைவிடப் பெரிசு. கப்பல் வந்திடும்னு சொன்னாருல்ல உன் மேனேஜர்? பொறுத்துக்கறேன்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கினார். "நல்லவனாட்டம் 'என்னைப் பத்திக் கவலைப்படாதே, எழுது'ன்னு சொல்லணும்னு எனக்கும் தெரியும். வரலம்மா. எனக்குச் சாகப் பயமா இருக்கு."

அண்ணி வெளுத்த விரல்களால் குடத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கத்துவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். கத்தவில்லை.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் கடைசியில். "எழுதுன்னா தம்பியக் கொல்லச் சொன்ன மாதிரி. எழுதாதேன்னா என் பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்ட மாதிரி. என் வாயப் பிடுங்காதீங்க." குடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்காமலே போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் எழுதினாள். துணிச்சல் என்று சொல்ல முடியாது. இரண்டு கட்டங்களைத் தப்பாக எழுதி, அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. டயாலிசிஸ் சென்டரில் அவரோடு இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள். மூன்று வருஷமாகக் காத்திருப்பு பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய முகங்கள். அவர்களில் யாருக்கும் காத்துக் கம்பெனி இன்சூரன்ஸ் இல்லை என்பது மட்டும் மனதில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பதினாலு கட்டத்திலும் 'ஆழ்துளைக் கிணறு' என்று எழுதினாள். நகல் எடுத்து மேனேஜரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவன் நின்றபடியே படித்தான்.

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன் சார். உங்களுக்குத் தெரியாம வேண்டாம்னுதான் நகல்."

"முதல்ல எங்கிட்ட வந்திருக்கலாமே."

"வந்திருந்தா நீங்க கேட்டுக்குவீங்க, நானும் ஒத்துக்குவேன். போன தடவை அப்படித்தானே ஆச்சு?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். திட்டவில்லை. "சாயந்திரம் அந்தப் புகைபோக்கியப் பாருங்கக்கா" என்று மட்டும் சொன்னான்.

அன்று சாயங்காலம் புகை வரவில்லை. வாரியத்து ஆட்கள் வருவதற்கே இரண்டு நாள் ஆயிற்று. ஆறு போருக்கும் அரக்கு வைத்தார்கள். காத்துக் கம்பெனி உற்பத்தி கால்வாசியாகக் குறைந்தது. வெயில் கொளுத்தியது, மின்சாரம் வேண்டிய மட்டும் வந்தது, பிரிக்கத்தான் தண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமை காலை உரத் தொழிற்சாலையின் பழைய யூனிட்டைப் பற்றவைத்தார்கள். நாலு வருஷம் சும்மா கிடந்த புகைபோக்கி முதலில் செருமுவது போலக் கொஞ்சம் விட்டது, பிறகு கருகருவென்று கக்கியது.

லாண்டரிக் கொடியில் அண்ணி லாரித் தண்ணீரில் அலசிப் போட்ட நாற்பது விரிப்புகளும் மத்தியானத்துக்குள் புள்ளி புள்ளியாகக் கறுத்தன. அவள் ஒரு விரிப்பை உருவி வந்து தம்பி மனைவியின் முன்னால் விரித்தாள்.

"பாத்துக்கோ. தண்ணி இல்லாம ஒரு அழுக்கு, தண்ணி வந்து ஒரு அழுக்கு."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"நீ ஏண்டி கேக்கற? நீயா கரியக் கொட்டின?" விரிப்பைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "நல்லதுன்னு வர்றதும் ஏன்தான் இப்படி நம்ம தலைமேலயே வந்து விழுதோ."

டெய்லர் பேசவே இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். கால் அழுத்திவிட்டால் காலைக் கொடுத்தார். திங்கள் இரவு அவள் "எழுதிட்டேன்" என்று சொன்னதோடு அவர் பேச்சு நின்றிருந்தது.

வேலையைவிட்டுத் தூக்கவில்லை. மறு உத்தரவு வரும் வரை சுத்திகரிப்பு நிலையத்தில் பணிபுரிய வேண்டும் என்று கடிதம் வந்தது. ஆய்வகத்து ஏர்கண்டிஷன் அறையிலிருந்து சாக்கடைக் கரைக்கு. தண்டனை என்று எல்லோருக்கும் தெரிந்தது. இன்சூரன்ஸைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. இருக்கிறது என்றும் இல்லை, போயிற்று என்றும் இல்லை. அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயந்தாள்.

நிலையத்தில் ஒரே ஒரு பிட்டர் இருந்தான். ஐம்பது வயது, எதற்கும் அவசரப்படாத ஆள். தொட்டிக்குள் அடுக்கடுக்காகத் தொங்கும் வடிகட்டிச் சவ்வுகளைக் காட்டினான். நூலைவிடக் கொஞ்சம் தடியான வெள்ளைக் குழல்கள், ஆயிரக்கணக்கில். எல்லாம் சேறும் முடியும் அப்பிச் சடைபோட்டுக் கிடந்தன.

"கப்பல் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"ஒன்றரை மாசம்னு நான் அப்பவே சொன்னேன். உங்க ஆளுங்க ரெண்டு வாரம்னு எழுதிக்கிட்டாங்க."

"கழுவிப் பாத்தீங்களா?"

"பைப்பால பீச்சி அடிச்சோம். போகல."

"புளிப்புத் திராவகத்துல ஊற வெச்சுக் கையால?"

பிட்டர் அவளைப் பார்த்தான். "முப்பத்தாறு அடுக்கு இருக்கும்மா. கையாலயா?"

"எனக்கு வேற வேலை இல்லை. உங்களுக்கு இருக்கா?"

கிரேனில் ஒரு அடுக்கைத் தூக்கி, திராவகத் தொட்டியில் ஆறு மணி நேரம் ஊறவைத்து, பிறகு முட்டி வரைக்கும் கையுறை போட்டுக்கொண்டு முடிச்சு முடிச்சாகப் பிரித்துக் கழுவினார்கள். சவ்வு அறுந்துவிடக்கூடாது. குழந்தைக்குத் தலை பின்னும் பதத்தில் விரலை ஓட்டவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு அடுக்கு. மழை பெய்த அன்று ஒன்றுகூட முடியவில்லை. குனிந்து குனிந்து இடுப்பு கழன்றுபோயிற்று. மத்தியானச் சோற்றை எடுத்தால் பசியே இருக்காது. பிட்டர் மட்டும் தொட்டிக் கரையிலேயே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவான். "பழகிடும்மா. பழகலன்னா சொல்லுங்க, நான் சாப்பிட்டுக்கறேன்" என்பான். அவள் டப்பாவை அவன் பக்கம் தள்ளிவிடுவாள்.

மூன்றாம் வாரம் நிலையம் பாதித் தண்ணீரைத் தள்ளியது. மேனேஜர் போன் செய்தான்.

"அக்கா, ஓட்டம் பாதிக்கு ஏறிடுச்சு. எண்ணெய் யூனிட்டைப் பாதியாக் குறைச்சுக்கறேன்னு உரக் கம்பெனிக்காரன் ஒத்துக்கிட்டான்."

"சரி சார்."

"அறிக்கையில மூலநீர் என்னன்னு எழுதறது, நீங்களே சொல்லுங்க." கேலியா, சமாதானமா என்று தெரியவில்லை.

"என்ன வருதோ அதை எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். இன்னும் பதினாறு அடுக்கு பாக்கி இருந்தது.

டயாலிசிஸ் சென்டர் போரில் மெல்லத் தண்ணீர் ஊறியது. மூன்று நாள், நாலு மணி நேரம் என்று பழையபடி ஆயிற்று. முதல் வாரத்திலேயே டெய்லரின் கால் வற்றத் தொடங்கியது. பதினெட்டுப் பேரில் ஒருவர் அதற்குள் போய்விட்டிருந்தார், ஒரு ரிடையர்டு தபால்காரர். தண்ணீரால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெஞ்சில் அவர் உட்காரும் இடத்தில் ஒரு வாரம் யாரும் உட்காரவில்லை என்று நர்ஸ் சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை நாலரை மணிக்கு அவள் கைகழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, கேட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. மடியில் ஒரு பை.

பதறிப்போனாள். "என்னாச்சு? எப்படி வந்தீங்க? யார் கூட்டிட்டு வந்தா?"

"பஸ்ல வந்தேன். ரெண்டு பஸ் மாறி."

"தனியாவா? ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகல." ஐந்து வாரத்துக்குப் பிறகு அவளிடம் அவர் சேர்ந்தாற்போல் பேசிய பேச்சு அதுதான். பையை நீட்டினார். உள்ளே கெட்டித் துணியில் தைத்த ஒரு மேலங்கி, கழுத்திலிருந்து முட்டி வரைக்கும். "மிதிச்சுத்தான் தைச்சேன். நாலு நாள் ஆச்சு. நடுவுல நடுவுல நிறுத்தி. இந்த வேலைக்குத் தினமும் புடவையில போறியே, யாராவது போவாங்களா?"

அவள் மேலங்கியைப் பிரித்து, தையலில் விரலை ஓட்டினாள். இரண்டு இடத்தில் நேராக இல்லை. முப்பது வருஷத்தில் அவர் கோணலாகத் தைத்து அவள் பார்த்ததில்லை. மடித்து வைத்துக்கொண்டாள்.

"உன்மேல கோபமெல்லாம் இல்ல" என்றார். "அன்னிக்கு நான் சொன்னேன் பாரு, அதைச் சொன்ன வாயால உங்கிட்ட வேற எதைப் பேசறதுன்னு தெரியல. அதான்."

"அதனால என்ன. உள்ளதைத்தானே சொன்னீங்க."

பஸ் வந்தது. ஜன்னலோரத்தை அவருக்குக் கொடுத்தாள். தூரத்தில் புகைபோக்கி மெலிதாகப் புகைந்துகொண்டிருந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. பயந்து திரும்பினாள். மூச்சு சீராக வந்தது. திடுக்கிட்டு விழிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்து, குறட்டைகூட வந்தது.

கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். ஆறாவது நிறுத்தத்தில் இறங்கி அடுத்த பஸ் மாற வேண்டும். அவள் தோளை அசைக்காமல் மெதுவாகக் காசை எடுத்தாள்.

"இந்த பஸ் எதுவரைக்கும் போகும்?"

"மலையடிவாரம் வரைக்கும்மா. ஒன்றரை மணி நேரம் ஆகும்."

"திரும்பி வருமா?"

"இதே வண்டிதான் வரும்."

"அப்ப அங்க வரைக்கும் ரெண்டு குடுங்க" என்றாள்.